டெக்சாஸ் பார்பிக்யூ கடைக்கு நண்பர்களோடு போகிறீர்களா? வரிசையில் நிற்பது முதல் மிச்சத்தைக் கட்டிக்கொண்டு வருவது வரை

பார்பிக்யூ என்றால் விறகின் புகையிலோ தணலிலோ மெல்ல வெந்த இறைச்சி. நல்ல டெக்சாஸ் பார்பிக்யூ கடை பலவற்றில் மெனு கார்டு கைக்கு வராது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கத்தியோடு ஒருவர் நிற்பார். அவர் தலைக்கு மேலே ஒரு பலகை, அதில் இறைச்சியின் பெயர், எதிரே பவுண்டுக்கு இத்தனை டாலர். "என்ன வேண்டும்?" என்று கேட்பார். உங்களுக்குப் பின்னால் ஐம்பது பேர் பசியோடு நிற்பார்கள். நீங்கள் ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள். அந்த அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லி, பாதிப் பேர் தொடாத இறைச்சி இரண்டு பவுண்டு கூடுதலாக வந்து, பில்லும் எகிறிவிடும்.

இதற்கு மருந்து சுலபம். அதை ஹோட்டல் என்று நினைக்காமல் கறிக்கடை என்று நினைத்துப் போங்கள். நம் ஊரில் கறி வாங்கும்போது "கால் கிலோ நெஞ்செலும்பு போடுங்க பாய், கொழுப்பு கொஞ்சம் சேர்த்து, ஈரல் தனியா" என்று சொல்லி வாங்குகிறோம் அல்லவா, அங்கேயும் அதே பேச்சுதான். எந்தப் பகுதி, எவ்வளவு எடை, கொழுப்போடா இல்லாமலா என்று சொல்லத் தெரிந்தால் போதும். இது வெறும் உவமை இல்லை, அந்தக் கடைகள் பிறந்ததே கறிக்கடைகளாகத்தான்.

1. எந்தப் பாணிக் கடை என்று பாருங்கள்

டெக்சாஸ் முழுக்க ஒரே பார்பிக்யூ கிடையாது. கிழக்கு டெக்சாஸில் இறைச்சியை நன்றாக வேகவிட்டு, கொத்தி, இனிப்பான தக்காளி சாஸ் ஊற்றி பன்னுக்குள் வைத்துத் தருவார்கள். கறுப்பின மக்களின் சமையல் மரபு அங்கே வலுவானது. தெற்கே மெக்சிகோ எல்லைப் பக்கம் போனால் பார்பகோவா, அதாவது மரபுப்படி மாட்டுத் தலையைக் குழிக்குள் வைத்து மெல்ல வேகவைத்து எடுப்பது. மேற்கே மெஸ்கீட் விறகின் தணலுக்கு நேர் மேலே வைத்துச் சுடுவார்கள். மெஸ்கீட் நம் ஊர் சீமைக்கருவேலத்துக்கு நெருங்கிய சொந்தம். அங்கேயும் விவசாயிகள் அதைத் திட்டிக்கொண்டேதான் விறகாக்குகிறார்கள். லானோ ஊரில் இருக்கும் கூப்பர்ஸ் இந்தப் பாணிக்குப் பேர் போனது. வாசலிலேயே பெரிய இரும்புப் பெட்டியின் மூடியைத் தூக்கிக் காட்டுவார்கள். நீங்கள் கை காட்டும் துண்டு உங்களுக்கு.

ஆனால் இன்று உலகம் டெக்சாஸ் பார்பிக்யூ என்று கொண்டாடுவது மத்திய டெக்சாஸ் பாணியைத்தான். இந்த வழிகாட்டியும் அதற்குத்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதியிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் சின்னச் சின்ன ஊர்களில் கறிக்கடை வைத்தார்கள். விற்காமல் நின்ற இறைச்சியைப் புகை போட்டும் சாஸேஜாக அடைத்தும் விற்றார்கள். பருத்தி பறிக்க வந்த கூலித் தொழிலாளிகள் அதைக் கறி மடிக்கும் காகிதத்திலேயே வாங்கி, உப்பு பிஸ்கட்டோடு அங்கேயே சாப்பிட்டார்கள். இன்றைக்கும் எடை போட்டு விற்பதும், தட்டுக்குப் பதில் ட்ரேயில் பழுப்புக் காகிதம் விரித்துத் தருவதும் அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான்.

2. கடையும் நாளும்

டெக்சாஸ் மந்த்லி பத்திரிகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநிலத்தின் சிறந்த 50 பார்பிக்யூ கடைகளைப் பட்டியல் போடும். அந்த ஊர்க்காரர்களுக்கு அதுதான் வேதம். 2021இல் முதலிடம் ஃபோர்ட் வொர்த்தின் கோல்டீஸுக்கு, 2025இல் செகீன் ஊரின் பர்ன்ட் பீன் கம்பெனிக்கு. 2024இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் மிஷலின் வழிகாட்டி முதல்முறையாக டெக்சாஸுக்கு வந்தபோது நான்கு பார்பிக்யூ கடைகள் ஒரு நட்சத்திரம் வாங்கின. இன்டர்ஸ்டெல்லார், லா பார்பிக்யூ, லிராய் அண்ட் லூயிஸ் ஆகிய மூன்றும் ஆஸ்டினில். நான்காவது, ஹூஸ்டனுக்கு வடக்கே ஸ்பிரிங்கில் உள்ள கார்க்ஸ்க்ரூ.

பட்டியலில் மேலே இருக்கிறது என்பதற்காக எட்டுப் பேரை இழுத்துக்கொண்டு அங்கேயே போக வேண்டும் என்று இல்லை. கூட்டத்தின் பொறுமையைப் பார்த்துக் கடையை முடிவு செய்யுங்கள்.

வரிசையில் நிற்பதையே பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ளும் கூட்டம் என்றால் ஆஸ்டினின் ஃப்ராங்க்ளின். 2009இல் ஒரு ட்ரெய்லரில் தொடங்கிய கடை. அதன் உரிமையாளர் ஏரன் ஃப்ராங்க்ளினுக்கு 2015இல் அமெரிக்கச் சமையல் உலகின் பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது கிடைத்த பிறகு வரிசை இன்னும் நீண்டது. அதிகாலைப் பயணம் பிடிக்கும் என்றால் லெக்சிங்டனின் ஸ்னோஸ். சனிக்கிழமை மட்டும்தான் கடை, அதுவும் காலை 8 மணிக்குத் திறந்துவிடும். அங்கே அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் டூட்ஸி டோமனெட்ஸ் பாட்டி 1935இல் பிறந்தவர். எண்பது வயதைத் தாண்டியும் தணலை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு வேலை செய்ததற்காகவே பலர் அவரைப் பார்க்கப் போனார்கள்.

குழந்தைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மா என்று கலந்த கூட்டமா? டிரிஃப்ட்வுட்டில் உள்ள சால்ட் லிக் சரியாக வரும். மேஜையில் உட்கார வைத்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, தீரத் தீரப் பரிமாறுகிறார்கள். பீர் வேண்டுமானால் நாமே கொண்டுபோகலாம். கறாரான பார்பிக்யூ ரசிகர்கள் அதைக் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஒரே நாளில் இரண்டு மூன்று கடைகளை ருசி பார்க்க ஆசையா? ஆஸ்டினுக்குத் தெற்கே சுமார் 30 மைலில் இருக்கும் லாக்ஹார்ட்டுக்குப் போங்கள். டெக்சாஸ் சட்டமன்றமே பார்பிக்யூ தலைநகர் என்று தீர்மானம் போட்ட ஊர். 1900இல் தொடங்கிய க்ரூட்ஸ் மார்க்கெட், 1932இன் பிளாக்ஸ், ஸ்மிட்டீஸ் எல்லாம் ஒன்றுக்கொன்று பக்கம். க்ரூட்ஸின் கதை நம் ஊர்ச் சொத்துத் தகராறு மாதிரியே இருக்கும். வியாபாரம் ஏற்கெனவே மகன் கையில் இருந்தது, அப்பா இறந்தபோது கட்டடம் மகளுக்குப் போனது. வாடகை விஷயத்தில் ஒத்துவரவில்லை. 1999இல் மகன் பழைய அடுப்பிலிருந்து தணலை ஒரு தொட்டியில் அள்ளி, தெருவழியே இழுத்துக்கொண்டு போய்ப் புதிய இடத்தில் அடுப்பு மூட்டினார். மகள் பழைய கட்டடத்தில் நடத்திய கடைதான் ஸ்மிட்டீஸ். அங்கே வரிசையில் நிற்கும்போது தரையோடு ஒட்டி எரியும் விறகின் சூடு காலில் அடிக்கும், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

நாள் விஷயம் ஒன்று. பல கடைகள் திங்கள், செவ்வாய் மூடியிருக்கும். சில வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கும். காலை 11 மணிக்குத் திறந்து, தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். "இரவு டின்னருக்கு பார்பிக்யூ" என்று திட்டம் போடுபவர்கள் கடை இரவு வரை உண்டா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தைத் தவிர்க்க வியாழன் அல்லது வெள்ளி காலை லீவு போடுவது உத்தமம்.

3. யார் என்ன சாப்பிடுவார்கள்: இதை வாட்ஸ்அப்பிலேயே முடியுங்கள்

நம் நண்பர் கூட்டம் ஆறு பேர் என்றால் அதில் ஒருவர் மாடு சாப்பிட மாட்டார், ஒருவர் பன்றி தொட மாட்டார், ஒருவர் சைவம், ஒருவர் ஹலால் மட்டும். கடை வாசலில் வைத்து இதைப் பேச ஆரம்பித்தால் அன்றைக்கு யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள், அதோடு எவ்வளவு கண்டிப்பு என்பதையும் கேளுங்கள். "மாட்டுக்கறித் துண்டு வேண்டாம்" என்பதும் "மாட்டுக்கறி பட்ட கத்தியே வேண்டாம்" என்பதும் வேறு வேறு.

மாடு வேண்டாதவருக்கு முதல் தேர்வு வான்கோழி. டர்க்கி என்று கேளுங்கள். நெஞ்சுப் பகுதியை மிளகு தடவிப் புகையில் வைத்து, வெண்ணெயோடு சுற்றி எடுப்பார்கள். நல்ல கடையில் இது பிரமாதமாக இருக்கும், மற்றவர்களும் கை வைப்பார்கள், அதனால் கொஞ்சம் கூடவே வாங்குங்கள். ஆனால் பிரிஸ்கெட் என்ற மாட்டு நெஞ்சுக்கறியை வெட்டும் அதே கட்டையில், அதே கத்தியில்தான் வான்கோழியையும் வெட்டுவார்கள். கண்டிப்பானவர் என்றால் வேறு கத்தியில் வெட்டித் தர முடியுமா என்று கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை, முடிந்தால் செய்வார்கள்.

பன்றி வேண்டாதவர் சாஸேஜில் கவனமாக இருக்க வேண்டும். பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்த சாஸேஜ்தான். முழுக்க மாட்டுக்கறி என்று போட்டிருந்தாலும் வெளியே இருக்கும் உறை பன்றிக் குடலாக இருக்கலாம். எல்ஜின் ஊரில் 1882 முதல் இருக்கும் சவுத்சைடு மார்க்கெட்டின் பேர் போன மாட்டு சாஸேஜ்கூட அப்படித்தான். ஹலால் மட்டும் என்பவர் கூட்டத்தில் இருந்தால் வழக்கமான கடையில் அவரை சோளமும் உருளைக்கிழங்கும் தின்ன வைக்காதீர்கள். ஹூஸ்டன், டாலஸ் பக்கம் ஹலால் இறைச்சியில் டெக்சாஸ் பாணிப் பார்பிக்யூ போடும் கடைகள் வந்துவிட்டன. எல்லோருமாக அங்கே போவதுதான் நட்புக்கு மரியாதை.

சைவ நண்பருக்குத்தான் உண்மையான ஆபத்து, ஏனென்றால் எது சைவமாகத் தெரிகிறதோ அதில்தான் கறி ஒளிந்திருக்கும். பின்டோ பீன்ஸில் பிரிஸ்கெட் துண்டோ பேகன் என்ற பன்றிக்கறியோ போட்டு வேகவைப்பது சர்வ சாதாரணம். கிரீன் பீன்ஸும் அப்படியே. பொரித்தது எதுவானாலும் எந்த எண்ணெய் என்று கேளுங்கள், மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் உண்டு. பொதுவாக நம்பி எடுக்கக்கூடியவை மாக் அண்ட் சீஸ் (சீஸில் புரட்டிய மக்ரோனி), கோல்ஸ்லா (மயோனைஸ் சேர்த்த முட்டைக்கோஸ்), உருளைக்கிழங்கு சாலட், கிரீம் சோளம். இவற்றிலும் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது, முட்டை சாப்பிடாதவருக்கு மயோனைஸ் ஒத்துவராது. லிராய் அண்ட் லூயிஸ் கடை காலிஃப்ளவரையும் புகையில் வாட்டித் தருவதற்குப் பேர் வாங்கியது. அப்படி ஒரு ஐட்டமாவது உள்ள கடையைத் தேடிப் பிடியுங்கள். இல்லையென்றால் சைவ நண்பரைக் கூப்பிடும்போதே உண்மையைச் சொல்லிவிடுங்கள்: "மச்சி, உனக்கு அங்க பெருசா ஒண்ணும் இருக்காது, போற வழியில உனக்குத் தனியா ஏதாவது வாங்கிக்கலாம்."

4. எவ்வளவு வாங்குவது

கறி சாப்பிடும் ஆளுக்கு அரை பவுண்டு, அதாவது சுமார் 225 கிராம். இதுதான் அடிப்படைக் கணக்கு. சமைத்த இறைச்சியின் எடை என்பதால் இது பார்ப்பதை விட வயிற்றை நிரப்பும். பசியோடு வரிசையில் நிற்கும்போது இந்தக் கணக்கு கஞ்சத்தனமாகத் தோன்றும். நம்புங்கள், போதும்.

ஆறு பேரில் ஒருவர் சைவம், மீதி ஐந்து பேர் என்று வையுங்கள். பிரிஸ்கெட் ஒரு பவுண்டு, பன்றி ரிப்ஸ், அதாவது விலா எலும்புக் கறி, முக்கால் பவுண்டு, வான்கோழி அரை பவுண்டு, சாஸேஜ் இரண்டு. சைட்ஸ் என்று சொல்லும் பக்க உணவுகளில் மூன்று வகை, பெரிய கப்பாக. ரிப்ஸ் எலும்போடு எடை போடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம். பேர் பெற்ற கடைகளில் பிரிஸ்கெட் பவுண்டுக்கு 30 டாலரைத் தாண்டிவிட்டது. இந்த ஆர்டருக்கு வரியோடு தலைக்கு 25 முதல் 30 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு விலையா என்று மலைப்பவர்களுக்கு ஒரு விவரம். ஒரு முழு பிரிஸ்கெட் பச்சையாக 12, 15 பவுண்டு இருக்கும். கொழுப்பைச் சீவி, இரவெல்லாம் புகையில் வைத்து எடுத்தால் கிட்டத்தட்ட பாதி எடைதான் மிஞ்சும். அதோடு ராத்திரி முழுக்க விறகு போட ஒரு ஆள் விழித்திருக்க வேண்டும்.

மாட்டு ரிப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே எலும்பு ஒரு பவுண்டுக்கு மேல் வரும், எலும்போடு சேர்த்துத்தான் காசு. படம் பிடிக்க அதைப் போல எதுவும் இல்லை. சில கடைகளில் சனிக்கிழமை மட்டும்தான் போடுவார்கள். வாங்குவதென்றால் மேஜைக்கு ஒன்று, பிரிஸ்கெட்டைக் குறைத்துக்கொண்டு. ஆளுக்கொன்று என்று மட்டும் போகாதீர்கள்.

5. வரிசை

ஃப்ராங்க்ளின் மாதிரி இடங்களில் மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி கொண்டுபோங்கள். டெக்சாஸ் வெயில் நம் வேலூர் வெயிலுக்குக் குறைந்தது இல்லை. பணியாளர் ஒருவர் வரிசையில் நடந்து வந்து யாருக்கு என்ன, எவ்வளவு என்று உத்தேசமாகக் கேட்டுக் கணக்கெடுப்பார். எங்கே வரை சரக்கு தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவரிடம் சரியான எடையைச் சொல்லுங்கள், உள்ளே போனதும் இரட்டிப்பாகக் கேட்டால் பின்னால் நிற்பவர் வயிற்றில் அடிப்பதாகும்.

ஒருவர் நின்று இடம் பிடித்து, கடை திறக்கும் நேரத்தில் ஒன்பது பேர் வந்து சேர்வது அங்கே கெட்ட பெயர். எல்லோரும் சேர்ந்தே போங்கள். காலைச் சிற்றுண்டி கொஞ்சமாகச் சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. காலி வயிற்றோடு கவுன்ட்டரில் நிற்பவர் எப்போதும் கூடுதலாகத்தான் வாங்குவார். வரிசையே வேண்டாம் என்றால் பல கடைகள் ஆன்லைனில் முன்பதிவு எடுத்துக்கொள்கின்றன.

6. கவுன்ட்டர்

ஒருவர் மட்டும் பேசட்டும். மற்றவர்கள் ட்ரே தூக்க, இடம் பிடிக்க. பேசுபவர் கையில் முதல் நாள் போட்ட பட்டியல் இருக்கட்டும். கடையில் கூட்டம் இருந்தாலும் வெட்டுபவர் அவசரப்படுத்த மாட்டார், கேள்வி கேட்டால் பதில் சொல்வார்.

பிரிஸ்கெட் என்பது மாட்டின் நெஞ்சுப் பகுதி. அதில் இரண்டு தசைகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். மெல்லிய, கொழுப்புக் குறைந்த பக்கத்தை லீன் என்று கேட்க வேண்டும். தடித்த, கொழுப்பு ஊடுருவிய பக்கத்தை மாய்ஸ்ட் என்பார்கள், சில கடைகளில் ஃபேட்டி. ஒன்றும் சொல்லாமல் "ஒரு பவுண்டு பிரிஸ்கெட்" என்றால், லீனா மாய்ஸ்ட்டா என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்காத கடையில் அவர்கள் இஷ்டம். கொழுப்பு என்றாலே முகம் சுளிப்பவர்கள்கூட மாய்ஸ்ட் ஒரு துண்டு வாயில் போட்டால் கட்சி மாறிவிடுவார்கள். என் ஆர்டர் எப்போதும் முக்கால் பங்கு மாய்ஸ்ட், கால் பங்கு லீன்.

வெட்டும்போது கண்ணை எடுக்காதீர்கள். கையுறை போட்ட கையால் முழுத் துண்டை எடுத்துக் கட்டையில் வைப்பார். வெளியே கரிக்கட்டை மாதிரி கறுப்பாக இருக்கும். அது கருகல் இல்லை, உப்பும் மிளகும் கொழுப்பும் புகையும் சேர்ந்து இறுகிய மேலோடு. அதன் பெயர் பார்க், ருசியில் பாதி அதில்தான். அவர் லேசாக அழுத்தினாலே வெட்டுவாயிலிருந்து நெய் போலக் கொழுப்பு கசிய வேண்டும். நாரின் குறுக்கே கத்தி இறங்கும். லீன் துண்டு பென்சில் தடிமனில், மாய்ஸ்ட் துண்டு அதைவிடக் கொஞ்சம் தடிமனாக. நுனியில் காய்ந்த துண்டு வந்தால் "அடுத்த துண்டு தர முடியுமா" என்று கேட்கலாம். சில கடைகளில் ஓரத்துச் சிறு துண்டை ருசி பார்க்க நீட்டுவார்கள். டெய்லரில் 1949 முதல் இருக்கும் லூயி முல்லர் கடையில் இது வழக்கம். புகையேறிக் கறுத்த அந்தச் சுவர்களுக்கு நடுவே கிடைக்கும் அந்த ஒரு வாய்க்காகவே போகலாம்.

மேலோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடைக்கும் குறைவாக ரோஜா நிறத்தில் ஒரு வளையம் தெரியும். நம் ஆட்கள் அதைப் பார்த்து "இன்னும் வேகல" என்று திருப்பிக் கொடுக்கப் பார்ப்பார்கள். விறகுப் புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடு வாயு, தசையில் உள்ள மயோகுளோபின் என்ற நிறமியோடு சேர்ந்து அந்த நிறத்தை நிலைக்க வைக்கிறது, அவ்வளவுதான். 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டில் 12 மணி நேரமோ அதற்கு மேலோ இருந்த இறைச்சி அது. உள்ளே 200 டிகிரியைத் தொட்டிருக்கும். அந்த நிதானமான சூட்டில்தான் வலுவான இணைப்புத் திசு கரைந்து ஜெலட்டினாகிறது, மாட்டின் முரட்டுத் தசை நாக்கில் கரைகிறது.

எடை கொஞ்சம் கூடினால் "பரவாயில்லையா?" என்று தராசைக் காட்டுவார். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், எடுத்துவிடுவார். சாஸேஜ் எண்ணிக்கையில், ரிப்ஸ் எடையில் அல்லது எத்தனை எலும்பு என்று சொல்லலாம். கடைசியாக வெள்ளை ரொட்டி, ஊறுகாய் வெள்ளரி, பச்சை வெங்காயம். இவை பெரும்பாலும் இலவசம், தாராளமாக எடுங்கள். அவற்றின் வேலை அடுத்த படியில்.

7. மேஜையில்

ட்ரே வந்ததும் செல்ஃபி எடுத்துவிடுங்கள், ஆனால் ஒரு நிமிஷத்துக்குள். பிரிஸ்கெட் ஆறினால் கொழுப்பு உறைந்து ருசி பாதியாகிவிடும். அதனால் வரிசை இதுதான்: முதலில் மாய்ஸ்ட், அப்புறம் லீன், ரிப்ஸ், சாஸேஜ். வான்கோழி கடைசிவரை தாங்கும்.

முதல் துண்டை சாஸ் இல்லாமல் சாப்பிடுங்கள். லாக்ஹார்ட்டில் க்ரூட்ஸ் கடை பல காலம் சாஸும் வைக்கவில்லை, முள்கரண்டியும் கொடுக்கவில்லை. அதற்காக சாஸ் ஊற்றினால் யாரும் அடிக்க வர மாட்டார்கள். லீன் கொஞ்சம் காய்ந்திருந்தால் சாஸ்தான் காப்பாற்றும். நல்ல பிரிஸ்கெட்டா என்று பார்க்க ஒரு துண்டைச் சுட்டுவிரலின் குறுக்கே தொங்க விடுங்கள். இரண்டு பக்கமும் வளைந்து தொங்க வேண்டும், ஆனால் தானாக அறுந்து விழக் கூடாது. இழுத்தால் லேசான எதிர்ப்போடு பிரிய வேண்டும். விறைப்பாக நின்றால் வேகவில்லை, உதிர்ந்தால் அதிகம் வெந்துவிட்டது.

ரிப்ஸிலும் அப்படித்தான். எலும்பை விட்டுக் கறி தானாகக் கழன்று விழுவது பெருமை இல்லை. கடித்த இடத்தில் மட்டும் சுத்தமாக வர வேண்டும், மீதி எலும்போடு நிற்க வேண்டும்.

நாலு வாய்க்குப் பிறகு கொழுப்பு திகட்டும். அப்போதுதான் வெங்காயமும் ஊறுகாயும். ரொட்டியில் ஒரு பிரிஸ்கெட் துண்டு, மேலே வெங்காயம், ஊறுகாய், சாஸேஜிலிருந்து ஒரு வில்லை என்று மடித்துச் சாப்பிடுங்கள். நம் நாக்குக்குக் காரம் குறையும்தான். ஹலபேனியோ மிளகாயும் சீஸும் சேர்த்த சாஸேஜ் இருந்தால், வாங்கும் இரண்டு சாஸேஜில் ஒன்றை அதில் வாங்கலாம்.

குடிக்க ஷைனர் பாக் பீர், அல்லது 1885இல் இதே மாநிலத்து வேக்கோ ஊரில் பிறந்த டாக்டர் பெப்பர் சோடா. இனிப்பில் வாழைப்பழப் புட்டிங் ஒன்றே ஒன்று வாங்கி ஆறு ஸ்பூன் கேளுங்கள். பெக்கன் கொட்டை போட்டுச் சுட்ட பெக்கன் பை என்ற இனிப்பும் உண்டு, இனிப்பு தூக்கலாக இருக்கும்.

8. பணமும் மிச்சமும்

கவுன்ட்டரில் ஒருவர் கார்டு தேய்த்துவிட்டு அப்புறம் பிரித்துக்கொள்ளுங்கள். டெக்சாஸில் பெரும்பாலான நகரங்களில் உணவுக்கு 8.25 சதவீத வரி சேரும். டிப்ஸ், கவுன்ட்டர் கடையில் 10 சதவீதம் தாராளம். மேஜையில் வந்து பரிமாறும் கடையில் 18 முதல் 20. சமமாகப் பிரிப்பது சுலபம், ஆனால் மாக் அண்ட் சீஸ் மட்டும் சாப்பிட்ட சைவ நண்பரிடம் மாட்டு ரிப்புக்குப் பங்கு கேட்காதீர்கள். அவர் "பரவாயில்ல மச்சி" என்றுதான் சொல்வார், அடுத்த முறை வர மாட்டார்.

மிச்சம் இருந்தால் அதே பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கேளுங்கள். காரில் வெயிலில் போட்டுவைக்கக் கூடாது, வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, கோடையில் ஒரு மணி நேரம்தான். வீட்டில் அலுமினிய ஃபாயிலில் இறுக்கிச் சுற்றி, இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, 250 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவனில் சூடாகும்வரை வையுங்கள். மைக்ரோவேவில் போட்டால் லீன் செருப்புத் தோலாகிவிடும். மாய்ஸ்ட் மிஞ்சியிருந்தால் பொடியாக நறுக்கி, அதன் கொழுப்பிலேயே வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, ஃப்ரோசன் பரோட்டாவோடு கொத்திவிடுங்கள். உப்பு போடும் முன் ருசி பாருங்கள், பார்க்கிலேயே தேவையான உப்பு இருக்கும்.